கொலம்பியாவிலிருந்து விழுந்த ஹார்ட் டிஸ்க்: 99 சதவீதம் மீண்டது எப்படி?

டேட்டா ரெக்கவரி வேலையில் இருப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: "விண்வெளியிலிருந்து எரிந்து விழுந்த டிஸ்க்கிலேயே எல்லாத்தையும் எடுத்துட்டாங்களாமே, என்னோடது மேசையிலிருந்துதானே விழுந்தது?" கேட்பவர் சொல்லும் செய்தி உண்மைதான். 2003-இல் சிதறிய கொலம்பியா விண்கலத்தில் இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 99 சதவீதத் தகவல் மீட்கப்பட்டது. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்துக்கொள்ளும் முடிவுதான் தவறு. அந்த டிஸ்க் ஏன் பிழைத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், மேசையிலிருந்து விழுந்தபின் நாலைந்து தடவை ஆன் செய்து பார்க்கப்பட்ட டிஸ்க் அதைவிட மோசமான நிலையில் இருக்கலாம் என்பது புரியும்.

இந்த நிகழ்வைப் பற்றி வந்த செய்திகள் பெரும்பாலும் 'அதிசயம்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிட்டன. தொழில்முறையில் பார்க்க அதில் நிறைய இருக்கிறது.

நடந்தது

எஸ்.டி.எஸ்.-107 என்ற பயண எண்ணோடு கொலம்பியா 2003 ஜனவரி 16 அன்று கென்னடி விண்வெளி மையத்திலிருந்து கிளம்பியது. கிளம்பி சுமார் 82 விநாடிகளில் வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பஞ்சுத் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அந்த மோதலின் முழு விளைவு அப்போது யாருக்கும் தெரியவில்லை. பதினாறு நாள் ஆய்வுப் பயணம் நல்லபடியாகவே நடந்தது. பிப்ரவரி 1 காலை விண்கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பியபோது, இறக்கையில் இருந்த ஓட்டை வழியாகக் கொதிக்கும் வாயு உள்ளே புகுந்தது. தரையிறங்க 16 நிமிடம் இருக்கும்போது, ஒலியைப் போல் 18 மடங்கு வேகத்தில், சுமார் 60 கி.மீ. உயரத்தில், டெக்சாஸுக்கு மேலே அது உடைந்தது. ரிக் ஹஸ்பண்ட், வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், டேவிட் பிரவுன், கல்பனா சாவ்லா, லாரல் கிளார்க், இலான் ரமோன் ஆகிய ஏழு பேரும் இறந்தார்கள்.

அதன்பிறகு நடந்த தேடலின் அளவைச் சொல்லாமல் இந்த டிஸ்க்கின் கதையைச் சொல்ல முடியாது. 25,000-க்கும் மேற்பட்டவர்கள் கிழக்கு டெக்சாஸின் காடுகளிலும் வயல்களிலும் வரிசையாக நடந்து தேடினார்கள். தேடலில் ஈடுபட்ட ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து இருவர் உயிரிழந்தனர். சுமார் 84,000 துண்டுகள் கிடைத்தன. எடையில் பார்த்தால் விண்கலத்தில் 38 சதவீதம். ஒவ்வொரு துண்டும் எங்கே கிடந்தது என்று குறிக்கப்பட்டு, கென்னடி மையத்தின் ஒரு கொட்டகையில் விண்கலத்தின் உருவத்திலேயே தரையில் பரப்பி வைக்கப்பட்டது. எது எந்தப் பாகத்தைச் சேர்ந்தது என்று ஆளாளுக்கு வந்து பார்த்து அடையாளம் சொன்னார்கள்.

அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்றுதான், விபத்து நடந்து சுமார் ஆறு மாதம் கழித்து, வறண்டுபோன ஒரு ஏரிப்படுகையில் மற்ற சிதைவுகளோடு கிடந்த உலோகத் துண்டு. அதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்ட பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸ் பின்னாளில் சொன்னது: ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட இரண்டு உலோகக் கட்டிகளாகத்தான் அது இருந்தது, ஹார்ட் டிஸ்க் என்றே கண்டுகொள்ள முடியவில்லை.

நாசாவுக்காக வேலை செய்த ஒப்பந்ததாரர்கள்தான் அது எந்தச் சோதனையோடு போன பொருள் என்று கண்டுபிடித்தார்கள். மின்னசோட்டாவில் ஈடன் ப்ரெய்ரி என்ற ஊரில் இருந்த க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனத்துக்கு அது போனது. எட்வர்ட்ஸ் அங்கேதான் வேலை பார்த்தார்.

உள்ளே இருந்தது என்ன

டிஸ்க்கில் இருந்தது விபத்தைப் பற்றிய தகவல் அல்ல. பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். அது செனான் வாயுவைப் பற்றிய ஓர் இயற்பியல் சோதனை. சி.வி.எக்ஸ்.-2 என்று பெயர். அமெரிக்கத் தர அளவை நிறுவனமான நிஸ்ட்டைச் சேர்ந்த ராபர்ட் பெர்க் அதற்கு முதன்மை ஆய்வாளர். கிளீவ்லாந்தில் உள்ள நாசாவின் கிளென் ஆய்வு மையம் அதைக் கட்டிக் கொடுத்தது.

செனானுக்கு ஒரு மாறுநிலைப் புள்ளி உண்டு. சுமார் 16.6 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை, சுமார் 58 வளிமண்டல அழுத்தம். அந்த இடத்தில் திரவம், வாயு என்ற பேதம் மறைந்துவிடும். அந்தப் புள்ளிக்கு அருகே செனானை அழுத்துவது மிக எளிதாகிவிடுவதால், பூமியில் தன் எடையாலேயே அது அடியில் அடர்ந்தும் மேலே தளர்ந்தும் போய்விடுகிறது. சரியான அடர்த்தியில் இருப்பது நடுவே மெல்லிய ஓர் அடுக்கு மட்டும். அந்த அடுக்குக்குள் அளவெடுக்க முடியாது. அதனால்தான் இதை எடையில்லாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

கருவியின் இதயம் நிக்கல் கம்பியால் ஆன ஒரு சின்ன வலை. பார்க்க ஜன்னல் கொசுவலையில் வெட்டிய துண்டு போலத்தான் இருக்கும். உயர் அழுத்தத்தைத் தாங்கும் கலத்துக்குள், நீலமணிக் கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னால், செனானில் மூழ்கியபடி, மின்முனைகளுக்கு நடுவே அந்த வலை முன்னும் பின்னும் ஆடும். விநாடிக்கு ஒன்று முதல் ஐந்து தடவை. ஆட்டத்தின் வீச்சு 3 மைக்ரான் முதல் 430 மைக்ரான் வரை. செனான் அந்த வலையை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதிலிருந்து அதன் பாகுநிலை, அதாவது அது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது, தெரியவரும். வெப்பநிலை மாற்றம் ஒரு டிகிரியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வரை பிரித்தறியப்பட்டது.

கேட்ட கேள்வி இதுதான்: கலக்கக் கலக்க நெகிழும் குணம் செனானுக்கும் உண்டா? பெயின்ட்டுக்கு உண்டு, தக்காளி சாஸுக்கு உண்டு, நுரைக்கச் செய்த கிரீமுக்கு உண்டு. அவையெல்லாம் நீண்ட மூலக்கூறுகளும் குமிழிகளும் துகள்களும் கலந்த சிக்கலான பொருட்கள். செனானோ தனித்தனி அணுக்களாலான, இருப்பதிலேயே எளிமையான பொருட்களில் ஒன்று. கோட்பாடு 'மாறுநிலைப் புள்ளிக்கு அருகில் செனானும் அப்படி நடந்துகொள்ளும்' என்றது. அதை அளந்து பார்க்கத்தான் வலை ஆடியது. 1997-இல் டிஸ்கவரி விண்கலத்தில் போன முதல் சி.வி.எக்ஸ். வேறொரு அளவை முடித்திருந்தது. இது அடுத்த படி.

பயணத்தின்போதே தரவில் ஒரு பகுதி ரேடியோ வழியாகப் பூமிக்கு வந்துவிட்டது. மொத்தமும் இருந்த ஒரே இடம் அந்த டிஸ்க்.

மேசை மேல் வந்த நிலை

சீகேட் நிறுவனத்தின் எஸ்.டி.9385ஏ.ஜி. என்ற மாடல். கொள்ளளவு 340 எம்பி, சில செய்திகளில் 400 என்று வட்டமாகச் சொன்னார்கள். விபத்தின்போதே அது பழைய சரக்குதான். விண்வெளித் திட்டங்களில் இப்படி நடப்பது வழக்கம். வடிவமைப்பு, சோதனை, ஒப்புதல் என்று பல வருடம் போய்விடுவதால், உள்ளே இருக்கும் பாகங்கள் கிளம்பும் நாளில் கடையில் கிடைப்பவற்றைவிட ஒரு தலைமுறை பின்னால் இருக்கும். இந்தப் பழமை பின்னால் பெரிய உதவியாக அமைந்தது.

அடியில் இருக்கும் மின்சுற்றுப் பலகை அடையாளம் தெரியாத அளவுக்குக் கருகியிருந்தது. அதில் இருந்த சிப்புகள் கழன்று விழுந்துவிட்டன. பிளாஸ்டிக் என்று இருந்த அனைத்தும் உருகிவிட்டன. தூசி உள்ளே போகாமல் பக்கவாட்டில் காக்கும் சீலும் உருகிவிட்டதால் உள்ளே அழுக்கும் மண்ணும் புகுந்திருந்தன.

இந்தப் பட்டியலைப் படிக்கும் பொதுவாசகருக்கு 'எல்லாம் போச்சு' என்று தோன்றும். தொழில் தெரிந்தவர் கண் வேறு இடத்துக்குப் போகும். போர்டு கருகியதா? மாற்றிக்கொள்ளலாம். மோட்டார் போனதா? அதுவும் அப்படியே. தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் முனையான ஹெட் உருகியதா? அதே மாடலில் இன்னொரு டிரைவ் கிடைத்தால் போதும். ஹார்ட் டிஸ்க்கில் மாற்றவே முடியாத பொருள் ஒன்றே ஒன்றுதான்: பிளாட்டர், அதாவது தகவல் பதிவாகியிருக்கும் அந்த வட்டத் தட்டுகள். அதைச் சுற்றியிருப்பவை எல்லாம் அதைச் சுழற்றவும் படிக்கவும் இருப்பவை.

எட்வர்ட்ஸ் திறந்து பார்த்தபோது பிளாட்டர்கள் வளையாமல் இருந்தன.

இந்த ஒற்றை வரியில் நிறைய அடங்கியிருக்கிறது. உலோகத் தட்டு தன் தட்டைத்தன்மையை இழக்கவில்லை என்றால், அது போய்வந்த வெப்பம் உருகுநிலைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை என்று பொருள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகி வளைந்துவிடும். பிளாட்டரின் மேற்பூச்சில் காந்தத்தைப் பிடித்துவைத்திருக்கும் கோபால்ட் கலவைக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. அதைத் தாண்டினால் காந்தம் கலைந்துவிடும், அப்புறம் உலகத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே பிளாஸ்டிக் உருகியிருந்தாலும் உள்ளே அந்த எல்லை தாண்டப்படவில்லை என்பதைத்தான் வளையாத தட்டு காட்டியது. விண்கலம் உடைந்தபின் சிறு துண்டுகள் காற்றில் விரைவாக வேகத்தை இழக்கும், கடும் சூடு நீடிப்பது கொஞ்ச நேரம்தான். டிஸ்க்கோ வேறு உலோகக் கூடுகளுக்குள் இருந்தது. வெளிக்கூடு எரிந்து தீரும்வரை உள்ளே இருந்ததைக் காத்திருக்கும் என்பது என் கணிப்பு.

பிளாட்டரில் கீறலும் குழியும் இருந்தன. ஆனால் அவை விழுந்திருந்த இடங்களில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பாதி காலி, பழைய டாஸ்

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதிர்ஷ்டம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட மனசு வரவில்லை, ஏனென்றால் அதிர்ஷ்டத்துக்கு உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது.

டிஸ்க்கில் பாதிதான் நிரம்பியிருந்தது. பாதி காலியான டிஸ்க்கில் தகவல் எங்கே உட்கார்ந்திருக்கும் என்பதை முடிவு செய்வது இயங்குதளம். சோதனையை ஓட்டிய கணினியில் இருந்தது டாஸ். டாஸ் ஒரு கோப்பை எழுதும்போது அடுத்து எந்த இடம் காலியாக இருக்கிறதோ அங்கே எழுதும், அதற்கடுத்த இடத்தில் தொடரும். சோதனைக் கருவி ஒன்று நாள்முழுக்க அளவுகளை எடுத்து எடுத்துச் சேர்த்துக்கொண்டே போகும்போது, எதையும் அழிக்காமல், வேறு எந்த நிரலும் குறுக்கே வராமல் இருந்தால், தகவல் ஒரு கோடியிலிருந்து நெருக்கமாக நிரம்பிக்கொண்டே வரும். மிச்சப் பரப்பு தொடப்படாமல் கிடக்கும். குழி விழுந்தது அந்தத் தொடப்படாத பரப்பில்.

இதையே ஒரு விண்டோஸ் மடிக்கணினியின் டிஸ்க்கோடு வைத்துப் பாருங்கள். கோப்புகளின் அட்டவணை ஓரிடத்தில், அதன் நகல் இன்னோரிடத்தில், நினைவகத்துக்குத் துணையாக எழுதும் பெரிய கோப்பு நடுவில், தினமும் வரும் அப்டேட்டுகள் கிடைத்த சந்துகளில் எல்லாம். ஒரே புகைப்படம்கூட நாலைந்து துண்டாகப் பிரிந்து கிடக்கலாம். அந்தத் தட்டின் எந்த மூலையில் குழி விழுந்தாலும் ஏதோ ஒன்று போயிருக்கும்.

டாஸுக்கு வேறொரு நல்ல குணமும் உண்டு. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அதன் அட்டவணை மிக எளிமையானது, அதற்கு இரண்டு பிரதிகள் வேறு இருக்கும். அட்டவணையே சிதைந்துபோனாலும், தகவல் தொடர்ச்சியாக இருக்கும் டிஸ்க்கில் ஆரம்பத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் பெரும்பகுதியை ஒட்டிவிடலாம்.

அடுத்தது அடர்த்தி. 1990-களின் நடுவில் வந்த டிரைவ்களில் ஒரு சதுர அங்குலத்தில் சில நூறு மெகாபிட் இருக்கும். இன்றைய டிரைவ்களில் அது ஒரு டெராபிட்டைத் தாண்டிவிட்டது. ஆயிரம் மடங்குக்கும் மேல். பழைய டிஸ்க்கில் ஒரு பிட் எடுத்துக்கொள்ளும் பரப்பு பெரிது, தடங்கள் அகலமானவை, ஹெட் தட்டுக்கு மேலே கொஞ்சம் தாராளமான இடைவெளியில் பறக்கும். ஒரு தூசி கெடுக்கும் தகவலின் அளவு குறைவு. இன்னொரு டிரைவின் ஹெட்டைக் கொண்டுவந்து பொருத்தினாலும் தடத்தைக் கண்டுபிடித்துவிடும். இன்று ஹெட் பறப்பது சில நானோமீட்டர் உயரத்தில். விரல்ரேகையின் எண்ணெய்ப் படலமே அதற்கு மலை.

செய்த வேலை

செய்த வேலையைச் சொல்ல அதிகம் இல்லை, சுருக்கமாகவே இருக்கிறது. எட்வர்ட்ஸ் பிளாட்டர்களைக் கழற்றினார். வேதிக் கரைசலால் சுத்தம் செய்தார். புதிதாகக் கட்டிய ஒரு டிரைவுக்குள் அவற்றைப் பொருத்தினார். படித்தார். ஆரம்பம் முதல் முடிவு வரை இரண்டு நாள். மீண்டது 99 சதவீதம்.

ஆனால் இந்த நான்கு வாக்கியங்களில் நடக்கும் வேலையின் நுட்பம் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். தட்டின் மேலே இருப்பவை வெறும் மெல்லிய படலங்கள்: காந்தக் கலவை, அதைக் காக்கும் கார்பன் பூச்சு, அதற்கும் மேலே கண்ணுக்கே தெரியாத அளவு மசகு. ஆறு மாதம் மண்ணில் கிடந்த தட்டில் ஒட்டியிருப்பது மண்ணா, உருகிய பிளாஸ்டிக்கா, எரிந்த பிசினா என்று பார்க்க வேண்டும். தப்பான கரைசலை எடுத்தால் அழுக்கோடு பூச்சும் போய்விடும். துணியால் அழுத்தித் துடைத்தால் ஒரு மணல் துகள் போதும், வட்டம் முழுக்கக் கீறிவிடும். சுத்தம் செய்யாமல் விட்டால் புதிய ஹெட் முதல் சுற்றிலேயே அந்தத் துகளில் மோதி உடையும். பல தட்டுகள் உள்ள டிரைவில் அவை ஒன்றுக்கொன்று இருந்த கோணம் மாறாமல் கழற்றிப் பொருத்துவதும் தனிக் கலை. இவையெல்லாம் தூசி வடிகட்டிய கிளீன் ரூமில் நடக்க வேண்டும்.

படிக்க ஆரம்பித்ததும் செய்யும் முதல் காரியம் கோப்புகளைத் தேடுவது அல்ல. செக்டர் செக்டராக, அதாவது டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும் சின்னச் சின்னத் துண்டுகளாக, மொத்த டிஸ்க்கையும் வேறொரு நல்ல டிஸ்க்குக்கு நகலெடுப்பது. நாங்கள் இதை இமேஜ் எடுப்பது என்போம். சுலபமாகப் படிக்க வரும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டுபிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வர வேண்டும். ஏனென்றால் பொருத்திய ஹெட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் கோப்புகளைக் கோக்கும் வேலை முழுக்க அந்த நகலில்தான்.

எண்ணிக்கையைச் சரியாகப் படிக்க வேண்டும்

99 சதவீதம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய இன்னோர் எண் உண்டு. கொலம்பியாவில் இருந்த வேறு இரண்டு டிரைவ்களும் க்ரோல் ஆன்ட்ராக்குக்கு வந்தன. அவற்றிலிருந்து பயன்படும்படி எதையும் எடுக்க முடியவில்லை. அதே விண்கலம், அதே விபத்து, அதே பொறியாளர். மூன்றில் ஒன்று. செய்தித் தலைப்புகளில் அந்த ஒன்று மட்டும்தான் வந்தது.

காந்தத்தில் பதிந்து வேறு வழியில் பிழைத்த பொருளும் ஒன்று இருக்கிறது. நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில்களில் முதலில் விண்வெளிக்குப் பறந்தது கொலம்பியா என்பதால், ஆரம்பகாலச் சோதனைகளுக்காக வைத்த ஒரு நாடாப் பதிவுக் கருவி அதில் மட்டும் இருந்தது. 2003 மார்ச் 19 அன்று டெக்சாஸின் ஹெம்ப்ஹில் பகுதியில் அது கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது. இறக்கையின் வெப்பம், அழுத்தம், விசை பற்றிய அளவுகள் அதன் காந்த நாடாவில் பத்திரமாக இருந்தன. இடது இறக்கையில் ஓட்டை எங்கே விழுந்தது என்று விசாரணைக் குழு உறுதியாகச் சொல்ல முடிந்ததற்கு அந்த நாடா முக்கியக் காரணம். அங்கும் முதலில் நடந்தது சுத்தம் செய்வதும் பதப்படுத்துவதும்தான். ஓட்டிப் பார்க்கும் அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. இலான் ரமோன் எழுதிய நாட்குறிப்பின் 37 பக்கங்களும் டெக்சாஸ் மண்ணில் இரண்டு மாதம் கிடந்து மீண்டன. ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியக வல்லுநர்கள் அவற்றை இழை இழையாகப் பிரித்துச் சீராக்கினார்கள்.

நம் மேசையில் இருக்கும் டிஸ்க்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம்.

கொலம்பியா டிஸ்க்குக்கு நடக்காத ஒன்று, நம் ஊரில் பழுதாகும் டிஸ்க்குகளுக்குத் தினமும் நடக்கிறது: பழுதானபின் மின்சாரம் கொடுப்பது. எரிந்த கட்டியைப் பார்த்து யாருக்கும் 'கேபிளைச் சொருகிப் பார்ப்போமே' என்று தோன்றாது. அதனால் அந்தத் தட்டு சுழலவே இல்லை. கீழே விழுந்த மடிக்கணினி டிஸ்க்கோ பார்க்க நன்றாக இருக்கும். ஆன் செய்வார்கள். 'டக் டக்' என்று சத்தம் வரும். மறுபடி ஆன் செய்வார்கள். ஹெட் ஒடிந்து தட்டில் உரசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று என்றால், ஒரு நிமிடத்தில் அதே தடத்தில் அத்தனை தடவை கீறல். பூச்சு பொடியாக உதிர்ந்து, அந்தப் பொடி மற்ற தட்டுகளுக்கும் பரவும். திறந்து பார்க்கும்போது தட்டில் வளையமாக அடித்தளம் தெரியும். அந்த இடத்துத் தகவல் தூளாகி வடிகட்டியில் ஒட்டியிருக்கும். ஆறு மாதம் மண்ணில் கிடந்தது செய்யாத கேட்டை ஐந்து நிமிட ஓட்டம் செய்துவிடும்.

அதற்கு மேலே வீட்டு வைத்தியங்கள். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் பனிக்கும், அதற்கு மேலே ஹெட் ஓடும். பழுது பார்க்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் ஓட்டுவது இன்னொன்று. அது படிப்பதோடு நிற்காது, எழுதவும் செய்யும். வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைப்பதும் கெடுதல்தான். சேறு தட்டிலேயே காய்ந்து இறுகிவிடும். ஈரத்தோடு பையில் மூடி உடனே கொடுப்பது நல்லது.

சத்தம் எதுவும் இல்லாமல், சில கோப்புகள் மட்டும் திறக்க மறுக்கிறதா? அப்போது டிடிரெஸ்க்யூ போன்ற நகலெடுக்கும் கருவி தெரிந்தவர் ஒருவர் இமேஜ் எடுத்துப் பார்க்கலாம். சத்தம் வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு விட்டுவிடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கும் அளவுக்கு நான் பார்த்திருக்கிறேன். திருமணப் படங்கள், ஒரு சிறுகடையின் பத்து வருடக் கணக்கு, இறந்துபோன அப்பாவின் குரல்பதிவு என்று வருபவர்களிடம், 'இரண்டு நாள் முன்னால் நிறுத்தியிருந்தால்' என்று சொல்ல வேண்டியிருப்பது இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி.

இன்றைய டிரைவ் ஒன்று கொலம்பியாவில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்துப் பார்ப்பேன். தட்டு மட்டும் பிழைத்தால் போதாது. இன்று ஒவ்வொரு டிரைவுக்கும் தொழிற்சாலையிலேயே தனித்தனியாக அளந்து வைக்கும் அமைப்பு விவரங்கள் உண்டு. அதில் ஒரு பகுதி போர்டில் உள்ள சிப்பில் இருக்கும். வேறு டிரைவின் போர்டை அப்படியே மாட்டினால் ஓடாது, அந்தச் சிப்பில் உள்ளதையும் மாற்ற வேண்டும். போர்டு கருகி, சிப்பும் விழுந்துவிட்டால் வேலை பல மடங்கு கடினமாகும். தானாகவே குறியாக்கம் செய்யும் டிரைவ் என்றால், சாவி போனபின் தட்டில் இருப்பது அர்த்தமற்ற பிட்டுகள்தான். எஸ்.எஸ்.டி.யில் தட்டே இல்லை. தகவல் பல சிப்புகளில் சிதறிக் கிடக்கும், அதைக் கோக்கும் வரைபடம் கட்டுப்பாட்டுச் சிப்பின் கையில் இருக்கும். அழித்த கோப்பின் இடத்தை அதுவே துடைத்தும் வைத்துவிடும். 340 எம்பி பழைய டிஸ்க்கில் இருந்த அந்தக் கள்ளமற்ற எளிமை இன்றைக்கு எதிலும் இல்லை. அதனால்தான் இன்னொரு பிரதி இன்னோர் இடத்தில் இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சி.வி.எக்ஸ்.-2 குழுவுக்கே பறக்கும்போது இறங்கிய தரவு கொஞ்சம் கையில் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

தரவு போய்ச் சேர்ந்த இடம்

டிஸ்க் 2003-இலேயே படிக்கப்பட்டுவிட்டது. ஆனால் வெளியுலகுக்குத் தெரிந்தது 2008-இல். இடைப்பட்ட வருடங்களில் பெர்க்கும், மைக்கேல் மோல்டோவர், மின்வு யாவ், கிரெகரி ஜிம்மர்லி ஆகியோரும் அந்த அளவுகளை அலசிக்கொண்டிருந்தார்கள். வலை ஆடும்போது ஏற்படும் மற்றக் கோணல்களை எல்லாம் கழித்து, நெகிழ்வினால் வந்த மாற்றத்தை மட்டும் தனியே பிரிக்க வேண்டும். அதற்குக் கணினிக் கணக்கீடுகளும் தேவைப்பட்டன. 'ஃபிசிகல் ரிவ்யூ இ' இதழில் 2008 ஏப்ரலில் கட்டுரை வந்தது. டிஸ்க் மீட்கப்பட்ட செய்தி அதற்கப்புறம்தான் நாளிதழ்களில் ஓடியது.

செனான் நெகிழ்கிறது. மாறுநிலைப் புள்ளிக்கு அருகே, வேகமாக உரசினால் அதன் பாகுநிலை குறைகிறது. எவ்வளவு என்பதைக் குறிக்கும் ஒரு மாறிலிக்குக் கோட்பாடு சொன்ன மதிப்பு 0.121. அளவில் கிடைத்தது 0.137, கூடக்குறைய 0.029. பிழை எல்லைக்குள் இரண்டும் பொருந்திப்போயின. அதோடு யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் கிடைத்தது: மாறுநிலை வெப்பநிலைக்கு மிக அருகில் எடுத்த அளவுகள், செனானை எவ்வளவு வேகத்தில் குளிரவைத்தார்கள் என்பதைச் சார்ந்திருக்கவில்லை. அந்தப் புள்ளிக்கு மேலும் கீழும், ஓர் அளவுகோல் மாற்றம் தவிர, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தன. புள்ளிக்குக் கீழே திரவமும் வாயுவுமாகப் பிரிந்த பகுதிகளின் பரப்பு இழுவிசையும் வலையைப் பிடித்திழுத்திருக்கலாம் என்ற குறிப்பையும் கட்டுரை தருகிறது.